ஃபைவ் ஆன் எ டிரெஷர் ஐலண்ட்

ஃபைவ் ஆன் எ டிரெஷர் ஐலண்ட் (1942) ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் எனிட் பிளைட்டன் எழுதிய நாவல். தலைப்பைப் ‘புதையல் தீவில் ஐவர்’ எனத் தமிழில் சொல்லலாம். கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குச் செல்லும் மூன்று குழந்தைகள், அங்கே முதன்முறையாகச் சந்திக்கும் ஒன்றுவிட்ட சகோதரி, அவளுடைய நாய் ஆகிய ஐவரின் கதை இது. ‘ஃபேமஸ் ஃபைவ்’ என்னும் வரிசையின் முதல் நூல்.

பதிப்பு

ஹோடர் அண்ட் ஸ்டௌட்டன் பதிப்பகம் 1942-ல் வெளியிட்டது. ஓவியங்கள் ஐலீன் சோப்பர் வரைந்தவை. இவ்வரிசையில் 1963 வரை 21 நாவல்கள் வெளிவந்தன, அனைத்துக்கும் அவரே ஓவியர். எனிட் பிளைட்டன் (1897–1968) முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்று, சில ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கற்பித்தவர்.

கதைச்சுருக்கம்

ஜூலியன் (12), டிக் (11), ஆன் (10) மூவரும் ஆண்டுதோறும் கோடையில் பெற்றோருடன் ஒரே கடற்கரை ஊருக்குச் செல்பவர்கள். இம்முறை அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பெற்றோர் தனியாக ஸ்காட்லாந்து செல்ல விரும்புகின்றனர். எனவே கிர்ரின் கடற்கரையில் வாழும் தந்தையின் சகோதரர் குவென்டின் வீட்டுக்குக் குழந்தைகள் அனுப்பப்படுகின்றனர். அவர் முன்கோபி, எப்போதும் ஆய்வறைக்குள் இருக்கும் அறிஞர். மனைவி ஃபேன்னி கனிவானவர். பதினொரு வயது மகள் ஜார்ஜினா தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ‘ஜார்ஜ்’ என்று ஆண்பெயரால் அழைத்தால் மட்டுமே பதில் சொல்வாள். வளர்க்கக்கூடாது என்று தந்தை தடைவிதித்த டிமோத்தி என்ற நாயை ஆல்ஃப் என்ற மீனவச் சிறுவனிடம் மறைவாக விட்டு வைத்திருக்கிறாள்.

பாழடைந்த கோட்டையுள்ள கிர்ரின் தீவு ஃபேன்னியின் குடும்பச் சொத்து. அதை மகளுக்கென்று சொல்லியிருக்கிறார். ஒரு புயலில் கடலடியிலிருந்த பழைய கப்பல் மேலே வருகிறது. அதில் கிடைத்த பெட்டியில் தங்கக்கட்டிகள் இருக்குமிடத்தைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. அதன் மதிப்பறியாத குவென்டின் பெட்டியைப் பழம்பொருள் வாங்குபவருக்கு விற்றுவிட, தீவையே விலைக்குக் கேட்டு ஆள் வருகிறது. தீவு கைமாறுவதற்குள் புதையலைக் கண்டுபிடிக்கக் குழந்தைகள் புறப்படுகின்றனர்.

மதிப்பீடு

இந்நாவலைப் புதையல் வேட்டைக் கதை என்றே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் புதையல் பகுதி இதில் மிகச் சாதாரணமானது. வரைபடம், நிலவறை, துப்பாக்கி வைத்த திருடர்கள் எல்லாம் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் பலர் எழுதித் தேய்ந்தவை. நூலின் உண்மையான பலம் முதல் பாதியில் உள்ளது. விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு அந்த வீட்டுக் குழந்தையோடு நேரும் சிக்கலை பிளைட்டன் நன்கு அறிந்திருக்கிறார்.

விருந்தாளிகள் வரும் மாலை ஜார்ஜ் வீட்டிலேயே இல்லை. மறுநாள் சந்திக்கும்போதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் கடல், அவள் படகு, அவள் தீவு. அதில் மூவரைப் பங்காளிகளாக்கப் பெரியவர்கள் முடிவு செய்தபோது அவளை யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலும் மே மாதம் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ இறங்கிய முதல் நாள், அந்த வீட்டுப் பிள்ளை தன் சைக்கிளைத் தொடவிடாமல் நின்றதை நினைவுகூர்பவர்கள் உண்டு.

இங்கே தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. குவென்டின் குடும்பத்துக்குப் பண நெருக்கடி. குழந்தைகள் வந்து தங்கினால் ஃபேன்னிக்குக் கொஞ்சம் வருமானமாக இருக்கும் என்று பெற்றோர் முதல் அத்தியாயத்திலேயே பேசிக்கொள்கின்றனர். உடன்பிறந்தவர் வீட்டில் பிள்ளைகள் தங்கப் பணம் கொடுப்பதை நம்மால் எளிதில் ஏற்க முடியாது. ஆனால் ஜார்ஜின் முறைப்புக்கு உள்ளே இருப்பது இந்தப் பணக்குறைவுதான். மற்றவர் வாங்கித் தரும் ஐஸ்கிரீமை அவள் மறுக்கிறாள், திருப்பி வாங்கித் தரத் தன்னிடம் காசு இல்லை என்பதால். கைச்செலவுப் பணமெல்லாம் நாயின் தீனிக்காக ஆல்ஃபிடம் போய்விடுகிறது. உன் படகையும் தீவையும் எங்களோடு பகிர்ந்துகொள், எங்களிடம் இருப்பதை நாங்கள் பகிர்கிறோம் என்று ஜூலியன் சொன்ன பிறகே வாங்கிக்கொள்கிறாள். நட்பு அங்கே தொடங்குகிறது. உபதேசமாக ஒரு வரிகூட இல்லாமல் இதை எழுதியது எளிய காரியம் அல்ல.

நாவலின் சிறந்த இடமும் இந்த நட்பிலிருந்தே வருகிறது. திருடர்கள் ஜார்ஜையும் ஜூலியனையும் நிலவறையில் பிடித்து வைத்து, மற்ற இருவரையும் வரவழைக்கும்படி அவளைக் கடிதம் எழுத வைக்கின்றனர். அவள் எழுதி ‘ஜார்ஜினா’ என்று கையொப்பமிடுகிறாள். திருடர்களுக்கு அது ஒரு பெண்ணின் முறையான பெயர். டிக்குக்கோ உடனே பொறி தட்டுகிறது. வந்த முதல் நாள் அவள் பிடிவாதத்தை மதித்து, அவள் விரும்பிய பெயரால் அழைத்தவர்களுக்கு மட்டுமே புரியும் எச்சரிக்கை அது. பிளைட்டனின் பாத்திரங்கள் தட்டையானவை என்று சொல்லும் விமர்சகர்கள் இந்த இடத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

பிளைட்டனுக்கு எதிரான மறுப்பு பழையது. பிபிசி வானொலி பல ஆண்டுகள் அவரை ஒதுக்கி வைத்தது. சொல்வளம் குறைவு, ஒரே அச்சுக் கதைகள் என்பன குற்றச்சாட்டுகள். நம் ஆங்கிலவழிப் பள்ளிகளிலும், பாடநூலை விட்டு இதை ஏன் படிக்கிறாய் என்று ஆசிரியர்கள் பிடுங்கி வைத்ததுண்டு. இக்கட்டுரையாளரும் அப்படிச் செய்தவரே. பிடுங்கிய புத்தகத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்த பிறகு மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உண்மையான குறைகள் வேறு. ஜார்ஜ் துணிச்சலானவள், திருடர்களின் மோட்டார் படகு எஞ்சினைக் கோடரியால் நொறுக்குபவள். ஆனால் துணிச்சலுக்கு அவள் ‘ஆண்பிள்ளை’ ஆகவேண்டியிருக்கிறது. ஆணாக விரும்பாத ஆனுக்குக் கிடைப்பது பயமும் அழுகையும். குவென்டின் செய்தது சிறு தவறல்ல. மகளிடம் கேட்காமல் அவளுடைய பெட்டியை விற்றார், அவளுக்கென்று சொல்லப்பட்ட தீவையும் விற்க முனைந்தார். தங்கம் கிடைத்ததும் குடும்பத்தின் வறுமையோடு அந்தக் குற்றமும் கரைந்துவிடுகிறது. அப்பாவின் கோபத்துக்குப் பணக்கவலையே காரணம் என்று மன்னித்து முடிகிறது கதை. மகளின் கோபத்துக்கு ஆசிரியர் முழுக்க நியாயம் செய்யவில்லை.

அதைவிட உறுத்துவது ஆல்ஃப். நாயை வளர்த்தவன் அவன், அதே கடற்கரையில் வாழ்பவன். எனினும் சாகசத்துக்கு அவனை யாரும் அழைப்பதில்லை. ஐந்தாவது இடம் நாய்க்குக் கிடைக்கிறது, மீனவச் சிறுவனுக்கு இல்லை. வகுப்பில் இதைப் படிக்கும் பிள்ளைகளிடம், ஆல்ஃப் அந்தக் கோடையில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று எழுதச் சொல்லிப் பார்க்கலாம்.

நூல் வெளிவந்த ஆண்டில் பிரிட்டன் போரில் இருந்தது. சர்க்கரையும் வெண்ணெயும் பங்கீட்டில் கிடைத்தன. நாவலில் போர் இல்லை, வழியெல்லாம் வயிறு நிறையச் சாப்பாடு இருக்கிறது. இதைத் தப்பித்தல் என்று குறைசொல்வோர் உண்டு. பங்கீட்டு அட்டையோடு வளர்ந்த குழந்தை ஒரு மாலை கடற்கரையில் உட்கார்ந்து மனத்தாலாவது சாப்பிட்டிருக்கும் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பிற வடிவங்கள்

சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன் 1957-ல் இந்நாவலைத் தொடர்படமாக எடுத்தது. 2010-ல் பதிப்பகம் இவ்வரிசையின் மொழியை இன்றைய வழக்குக்கு மாற்றி வெளியிட்டது. வாசகர்கள் அதை விரும்பவில்லை. 2016-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பழைய நூலகங்களில் கிடைப்பது பெரும்பாலும் மாற்றப்படாத மூல வடிவமே.