தன் செலவில் ஒரு பேய்

1843 டிசம்பர் 19. லண்டன் புத்தகக் கடைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. செம்பழுப்புத் துணி அட்டை, அதில் பொன் எழுத்து, தாள் விளிம்புகளிலும் பொன் பூச்சு, உள்ளே எட்டுப் படங்கள். விலை ஐந்து ஷில்லிங். பதிப்பகம் என்ற இடத்தில் சாப்மன் அண்ட் ஹால் பெயர் இருந்தாலும் காகிதம், அச்சு, படம், பைண்டிங், விளம்பரம் என்று அத்தனை செலவும் எழுதியவருடையது. விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வது மட்டும்தான் பதிப்பகத்தின் வேலை. எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். புத்தகம் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’.

பண்டிகைக் கதை என்றே அது பெயர் வாங்கிவிட்டது. ஆனால் இது பேய்க்கதை என்று டிக்கன்ஸ் தலைப்புக்குக் கீழேயே அச்சிட்டிருந்தார். உலகம் அதிகம் படித்த பேய்க்கதைகளில் ஒன்று ஆசிரியரின் சொந்த வெளியீடு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கு அதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. அட்டைக்குள் ஒட்டும் தாளின் நிறத்தில் காட்டிய அதே பிடிவாதத்தைத்தான் அவர் பேயின் உடுப்பிலும் காட்டியிருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது 31. தொடராக வந்துகொண்டிருந்த ‘மார்ட்டின் சசில்விட்’ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மாதப் பணத்தில் 50 பவுண்டு பிடிக்க ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது என்று பதிப்பகம் நினைவூட்டியது. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறக்க இருந்தது. அந்தச் செப்டம்பரில்தான் ஃபீல்டு லேன் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய், அழுக்கும் பசியுமாக உட்கார்ந்திருந்த சிறுவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதும் எண்ணம் ஏற்கனவே மனத்தில் இருந்தது. அக்டோபர் 5 அன்று மான்செஸ்டரில் பேசிவிட்டுத் திரும்பியபோது பிரசுரம் கதையாகிவிட்டது. ஊர் அடங்கிய பிறகு லண்டன் தெருக்களில் 15, 20 மைல் நடந்தபடியே கதையை மனத்தில் ஓட்டிப் பார்த்து, ஏறக்குறைய ஆறு வாரத்தில் எழுதி முடித்தார்.

காசு தன்னுடையது என்றானதும் ஒவ்வொன்றிலும் தலையிட்டார். முதலில் தலைப்புப் பக்கம் சிவப்பும் பச்சையுமாக வந்தது. பச்சை மங்கலாக இருக்கிறது என்று தள்ளிவிட்டு, சிவப்பும் நீலமுமாக மாற்றச் சொன்னார். அட்டைக்குள் ஒட்டிய பச்சைத் தாள் விரலில் சாயம் விட்டது, அதை மஞ்சளாக மாற்றினார். ஜான் லீச் வரைந்த படங்களில் நான்கு மரச்செதுக்கு, நான்கு உலோகத் தகட்டில் பொறித்தவை. தகட்டுப் படங்களுக்கு ஒவ்வொரு பிரதியிலும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். முதல் அச்சு 6,000 பிரதி. கணக்குப் போட்டால் 24,000 படங்களில் தூரிகை பட்டிருக்க வேண்டும். வியாபாரம் தெரிந்த எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

இப்போது கதைக்குள் வருவோம். இந்தப் பேய்க்கதை இருட்டிலோ காற்றின் ஊளையிலோ தொடங்கவில்லை. ஒரு சாவுச் செய்தியில் தொடங்குகிறது. மார்லி என்பவர் செத்துவிட்டார். அடக்கப் பதிவேட்டில் பாதிரியார், குமாஸ்தா, காரியக்காரர் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூட்டாளி ஸ்க்ரூஜும் போட்டிருக்கிறான். செத்தது நிச்சயம் என்று ஆசிரியர் திரும்பத் திரும்ப, வேடிக்கையாகவே வற்புறுத்துகிறார். ஹாம்லெட்டின் அப்பா செத்துவிட்டார் என்று நம்பாவிட்டால் அந்த நாடகத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார். இந்தக் கலையின் முதல் பாடம் இது. சாவு சந்தேகமானால் பேயும் சந்தேகமாகிவிடும். சாவைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகு, செத்தவர் வந்து நின்றால் வாசகன் தப்பிக்க வழியில்லை.

அடுத்தது கதவுத் தட்டி. கஞ்சன் ஸ்க்ரூஜ் கற்பனைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன். வீட்டுக் கதவைத் திறக்கச் சாவியை நுழைக்கும்போது, கதவைத் தட்டும் இரும்பு வளையம் இருந்த இடத்தில் மார்லியின் முகம் தெரிகிறது. உடனே மறைந்தும் போகிறது. இதுவரை எந்த எழுத்தாளரும் செய்வார். அடுத்து வருவதுதான் டிக்கன்ஸ். ஸ்க்ரூஜ் உள்ளே போய், கதவின் பின்பக்கத்தைப் பார்க்கிறான். முகம் இந்தப் பக்கம் இருந்தால் பின்னந்தலைக் குடுமி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? அங்கே தட்டியைப் பிடித்திருக்கும் திருகும் மரையும்தான் இருக்கின்றன. இவ்வளவு சின்ன விஷயத்தில் பயம், சிரிப்பு, ஸ்க்ரூஜின் குணம் மூன்றும் வந்துவிட்டன. பயந்த மனிதன் எதையெல்லாம் சரிபார்ப்பான் என்று தெரிந்தவர் எழுதியது அது.

பிறகு மார்லியே வருகிறார். இடுப்பில் நீளமான சங்கிலி. அதில் கோத்திருப்பவை பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்குப் பேரேடு, பத்திரம், எஃகால் ஆன பணப்பை. எலும்புக்கூடோ ரத்தமோ எங்கும் இல்லை. ஒரு வட்டிக்கடையின் மேசையில் கிடக்கும் சாமான்கள் அவ்வளவும் தண்டனையாகி இடுப்பில் தொங்குகின்றன. உடல் கண்ணாடிபோலத் தெளிவு; முன்னால் நின்று பார்த்தால் கோட்டின் முதுகுப்பக்கத்து இரண்டு பொத்தான்களும் தெரிகின்றன. பொத்தான் எத்தனை என்று எண்ணிச் சொன்ன பிறகு பேயை நம்பாமல் எப்படி இருப்பது?

ஸ்க்ரூஜ் நம்ப மறுக்கிறான். ராத்திரி தின்றது செரிக்காமல் வந்த தோற்றம் நீ, என்று பேயிடமே கேலி பேசுகிறான். நாமும் சிரிக்கிறோம். அந்தச் சமயம் பார்த்துப் பேய் தன் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணியை அவிழ்க்கிறது. கீழ்த்தாடை கழன்று மார்பில் விழுகிறது. பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டும் கட்டு அது. நம் ஊரிலும் சாவு வீட்டில் கட்டுவார்கள். எழவு வீட்டைப் பார்த்த எவருக்கும் அந்த இடத்தில் வயிறு கலங்கும்.

அதன்பின் வரும் மூன்று ஆவிகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலாவதன் உச்சியிலிருந்து வெளிச்சம் பீறிடுகிறது; அதை அணைக்கும் குல்லாய் அதன் கக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவது பச்சை அங்கி போட்ட ஆனந்த ராட்சசன். இடுப்பில் துருப்பிடித்த உறை, உள்ளே வாள் கிடையாது. நள்ளிரவுக்குள் அவனுக்கும் நரை விழுகிறது; அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் வெளிப்படுகின்றன, அறியாமை, வறுமை என்று பெயர். ஃபீல்டு லேன் பள்ளியிலிருந்து நேராக வந்த பிள்ளைகள் அவர்கள். மூன்றாவது கறுப்புத் துணிக்குள் ஓர் உருவம். ஒரு கை மட்டும் தெரிகிறது, பேச்சே இல்லை. ஆவிகளின் பேச்சு ஏறிக்கொண்டே போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். டிக்கன்ஸ் கடைசியில் அதை அடியோடு நிறுத்திவிடுகிறார். கடைசி ஆவி வாய் திறக்காததால் கேள்வியும் பதிலும் ஸ்க்ரூஜே சொல்ல வேண்டியதாகிறது. மனம் திருந்துவதை உபதேசம் இல்லாமல் காட்ட இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் பிரதி இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். நோயாளிக் குழந்தை டைனி டிம் சாகவில்லை என்று கடைசியில் வரும் உறுதிமொழி அந்தப் பிரதியில் கிடையாது. அச்சுக்குப் போகும் கட்டத்தில் சேர்த்தது. வாசகர் கேட்கப்போகும் கேள்வி அவருக்குக் கடைசி நேரத்தில் காதில் விழுந்திருக்கிறது.

வியாபாரம் என்ன ஆனது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6,000 பிரதியும் தீர்ந்தன. ஆயிரம் பவுண்டாவது கிடைக்கும் என்று நினைத்தவருக்குக் கணக்கு வந்தபோது அந்த 6,000 பிரதிக்கு லாபம் 230 பவுண்டு. பொன் பூச்சும் தூரிகையும் மற்றதைத் தின்றுவிட்டன. ஜனவரியில் ‘பார்லிஸ் இல்லுமினேட்டட் லைப்ரரி’ கதையைத் திருடி இரண்டு பென்னிக்கு விற்றது. வழக்குப் போட்டு வென்றார். திருடியவர்கள் திவாலாகிவிட, 700 பவுண்டு செலவு அவர் தலையில் விழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் லண்டனில் எட்டு நாடகக் கொட்டகைகளில் கேரல் ஓடியது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கதையில் வரும் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவன் எடுத்துவைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து, 1853 டிசம்பர் 30 அன்று, பர்மிங்காமில் உழைப்பாளிகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் டிக்கன்ஸ் கேரலை வாய்விட்டு வாசித்தார். மேடையில் அவர் கடைசியாக வாசித்தவற்றிலும், 1870 மார்ச்சில், கேரல் இருந்தது.

இன்று தமிழில் ஒரு பேய்க்கதை எழுதி மின்னூலாக ஏற்றக் காசே வேண்டாம், தடுப்பாரும் இல்லை. ஆகவே பச்சை மங்கல் என்று திருப்பி அனுப்பும் அந்தக் கண், கதவின் பின்பக்கத்தைப் பார்க்கும் அந்தப் புத்தி, இரண்டும் எழுதுகிறவரிடமே இருந்தாக வேண்டும். சொந்த வெளியீட்டில் இறங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேரலின் பதிப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் இரவில் படித்து முடித்துவிடலாம். உங்கள் கதையை ஏற்றுவதற்கு முன்னால், அதன் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.