தறிமேல் தொங்கும் அட்டை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். மிதியை அழுத்தினால் ஓர் அட்டை நகரும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லையென்றால் இழை அசையாது. மயிலும் அன்னமும் இப்படித்தான் சேலைக் கரையில் ஏறுகின்றன. 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தன் கணக்குப்பொறிக்கு அட்டை யோசனையை எடுத்தார்.

இப்போது கேட்டவுடன் செயற்கை நுண்ணறிவு பார்டர் வரைந்து தருகிறது. அழகுதான், சில மயிலுக்கு மூன்று கால் முளைத்தாலும். ஆனால் கரையையும் சேலை உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைக்கு மூன்று நாடாவும் இரண்டு ஆளும் வேண்டும். படத்துக்கு செல்போனைக் கேளுங்கள். சேலைக்கு நெசவாளர் வீட்டுக்கே போங்கள்.