முடியேந்திய கை: டாவிடின் பென்சில் ஓவியம்

பேரோவியங்களைக் கண்டு வியப்போர் பலர். அவற்றுக்கு முன்னோடியாக வரையப்பெற்ற கோட்டுருவங்களை ஊன்றி நோக்குவோர் சிலரே. ஆயினும், ஓவியர் முதலிற் கருதியது யாது, பின்னர் மாற்றியது யாது என்பதை அக்கோட்டுருவங்களே காட்டவல்லன. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, ழாக் லூயி டாவிட் வரைந்த நெப்போலியனின் பென்சில் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும்.

1804 டிசம்பர் 2ஆம் நாள் நோத்ர தாம் பேராலயத்தில் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. நெப்போலியன் தன் கையாலேயே முடியைச் சூடிக்கொண்டான். அதன்பின் மனைவி ஜோசபினுக்குச் சூட்டினான். பென்சில் ஓவியம் முதற்செயலைக் காட்டுகிறது. அரச உடை தரித்த பேரரசன் வலக்கையால் முடியைத் தலைக்குமேல் உயர்த்துகிறான். இடக்கை வாளை மார்போடு அணைத்திருக்கிறது. பின்னே போப்பாண்டவர் ஏழாம் பயஸ் வாளா அமர்ந்திருக்கிறார். பொன் தேனீக்கள் பொறித்த செந்நிற வெல்வெட்டின் பகட்டு இங்கு இல்லை. ஆதலின், முடி வந்தது வாளால் என்னும் கருத்தை உடலின் நிலையே உணர்த்திவிடுகிறது.

1805 முதல் 1807 வரை தீட்டப்பெற்ற, ஏறத்தாழ 10 மீட்டர் அகலமுள்ள வண்ண ஓவியத்தில் இக்காட்சி மாறிவிட்டது. மண்டியிட்ட ஜோசபினை நோக்கிப் பேரரசன் முடியை ஏந்தி நிற்கிறான். வாளை அணைத்த கை மறைந்தது. போப்பாண்டவரின் கை ஆசி வழங்க உயர்ந்தது. விழாவுக்கே வராத தாய் லெடீசியாவும் நடுமாடத்தில் வீற்றிருக்கிறாள்!

இம்மாற்றங்களை வெறும் முகமன் என்று ஒதுக்குவது எளிது. 1793இல் மன்னன் பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு வாக்களித்த டாவிட், பின்னர்ப் பேரரசனின் விருப்பத்திற்கு இணங்கினார் என்பது மெய்யே. எனினும், ஜோசபினுக்கு முடிசூட்டியதும் விழாவில் நிகழ்ந்ததே. அதனைத் தேர்ந்ததில் கலைநயமும் உண்டு. தனக்குத்தானே முடிசூடுபவன் தன்னுள் அடங்கிவிடுகிறான். நீட்டிய கையோ அவையோர் பார்வையை ஒருமுகப்படுத்துகிறது. அமைப்பின் சிறப்பை நோக்க, வண்ண ஓவியமே மேம்பட்டது. ஆனால், போப்பாண்டவரின் உயர்ந்த கைக்கும் தாயின் இருக்கைக்கும் அத்தகைய கலைக்காரணம் கூறுதல் அரிது. அவை ஆட்சியின் தேவைக்காகச் சேர்ந்தவை.

ஆகவே, வரலாற்றோவியத்தை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. கலைக்காக மாறியது எது, அதிகாரத்திற்காக மாறியது எது எனப் பிரித்தறியும் பயிற்சியை அவர்கள் அங்கே பெறுவர்.