வேட்டையும் விலையும்

எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதிய 'பிரான்சிஸ் மெக்கோம்பரின் குறுகிய இன்ப வாழ்வு' என்னும் சிறுகதை 1936ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்தது. அச்சமுடையான் ஒருவன் அச்சம் நீங்கப் பெறும் கதை என்றே இது பெரும்பாலும் கற்பிக்கப்பட்டு வருகின்றது. சிங்கத்தைக் கண்டு ஓடியவன் மறுநாள் காட்டெருமையின் முன் நிலைத்து நிற்கின்றான். நின்ற அப்பொழுதே மனைவியின் துப்பாக்கிக் குண்டு பட்டு மாய்கின்றான். கதைப்போக்கு இவ்வளவே. இவ்வாறு கற்பிப்பதில் பிழையில்லை. ஆயினும் கதையைக் கூர்ந்து படிக்கும் மாணவனுக்கு வேறொன்று அடிக்கடி கண்ணில் படும். அது பணம். வீரத்தைப் பற்றிப் பேசும் இக்கதையில் ஏறக்குறைய ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு விலை கொடுத்துக் கொண்டிருக்கின்றார்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக் கொள்ளலாம். மெக்கோம்பர் காட்டினின்று கூடாரத்திற்குத் திரும்புகின்றான். சமையற்காரனும் ஏவலர்களும் தோலுரிப்பவனும் சுமையாள்களும் அவனைத் தோளில் தூக்கி வெற்றி ஊர்வலமாகக் கொண்டு வருகின்றனர். துப்பாக்கி சுமப்போர் மட்டும் அவ்வூர்வலத்தில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று ஆசிரியர் சொல்வதில்லை. உண்மையில் நடந்தது என்ன என்பதை அவர்கள் நேரிற் கண்டவர்கள் என்பது பின்னரே விளங்குகின்றது. சற்று நேரத்தில் மெக்கோம்பர், தன்னைத் தூக்கி வந்தவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியாகிய வில்சனிடம் கேட்கின்றான். ஒரு பவுன் போதும், மிகுதியாகக் கொடுத்து அவர்களைக் கெடுத்துவிட வேண்டாம் என்று விடை வருகின்றது. ஓடியவனுக்கு நடந்த வெற்றி விழாவின் விலை ஒரு பவுன்! கதையின் முதற் கொடுக்கல் வாங்கல் இதுவே.

இக்காட்சியின் பொருளை உணர, வில்சன் செய்த தொழில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். 1909ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் பதவியினின்று விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், தம் மகனுடன் மொம்பாசாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அருங்காட்சியகத்திற்கு உயிரினங்கள் திரட்டுவது அப்பயணத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. தந்தையும் மகனுமாகச் சுட்டவை 512 விலங்குகள். பயணத்தைப் பற்றி எழுதும் கட்டுரைகளுக்கென ஒரு பதிப்பகம் அவருக்கு 50,000 அமெரிக்க வெள்ளி கொடுத்தது. ஆள்களும் கூடாரங்களும் உணவும் நைரோபியிலிருந்த நியூலாந்து டார்ல்டன் என்னும் நிறுவனத்தின் வழியாக ஏற்பாடாயின. இப்பயணத்தின் புகழ் பரவவே, செல்வர்கள் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவை நாடி வரலாயினர். அவர்களை அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகளுக்கு 'வெள்ளை வேட்டைக்காரர்' என்னும் பெயர் நிலைத்தது. 1934இல் அவர்கள் தமக்கெனத் தொழிற் சங்கம் ஒன்றும் அமைத்துக் கொண்டனர். அதன் தலைவராக விளங்கிய பிலிப் பெர்சிவல் ரூஸ்வெல்ட்டின் வேட்டையிற் பங்கு கொண்டவர். ஹெமிங்வேயை 1933ஆம் ஆண்டின் இறுதியில் தாங்கனிக்கக் காட்டிற்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

ஹெமிங்வேயின் பயணச் செலவும் அவர் தேடிய பொருளன்று. அன்றைய மனைவியின் சிற்றப்பனாராகிய செல்வர் ஒருவர் அதற்கென 25,000 வெள்ளி அளித்தார். அமெரிக்க மக்கள் பலர் வேலையிழந்து வாடிய காலம் அது. ஆகவே, இக்கதை வெளியே நின்று செல்வரை ஏளனம் செய்யும் ஒருவரால் எழுதப்பட்டதன்று. விலைக்கு வாங்கிய வேட்டையை வாங்குவோர் பக்கமிருந்தே அறிந்தவரால் எழுதப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த 'கிளிமஞ்சாரோவின் பனி' என்னும் கதையிலும், செல்வ மனைவியின் பொருளில் வேட்டைக்கு வந்த எழுத்தாளன் ஒருவன் கால் அழுகிக் கிடந்து, தான் எழுதாமல் விட்டவற்றை எண்ணி எண்ணி மடிகின்றான்.

பணம் கொடுத்து வேட்டையாடும் முறையில் நடப்பது என்ன? விலங்கு இருக்குமிடத்தை வழிகாட்டியும் அவருடைய ஆள்களும் கண்டறிகின்றனர். காற்றின் திசை பார்த்து வாடிக்கையாளரைக் கொண்டு போய் நிறுத்துகின்றனர். எந்த விலங்கு சுடத் தக்கது, எப்பொழுது சுடலாம் என்பதையும் அவர்களே சொல்கின்றனர். குறி தவறினால் வழிகாட்டியின் பெருந்துப்பாக்கி பின்னால் ஆயத்தமாக இருக்கின்றது. காயமுற்ற விலங்கு புதருக்குள் புகுந்துவிட்டால் பின்தொடர்ந்து கொல்லும் பொறுப்பும் வழிகாட்டியையே சாரும். வாடிக்கையாளருக்கு எஞ்சுவன இரண்டு: விசையை அழுத்துதல், கட்டணத்தைச் செலுத்துதல். முற்காலத்து வேட்டுவன் ஒருவனிடமே அமைந்திருந்த அறிவும் பொறுமையும் ஆபத்தும் இவ்வாறு பங்கிடப்படுகின்றன. பெருமை மட்டும் பங்கிடப்படாமல் பணம் கொடுத்தவருக்கே முழுமையாகச் சேர்கின்றது.

மெக்கோம்பர் சிங்கத்தைக் காயப்படுத்திய பின் நிகழும் உரையாடல் இவ்வேற்பாட்டை அப்படியே வெளிக்காட்டுகின்றது. சிங்கம் உயர்ந்த புல்லுக்குள் படுத்துவிட்டது. உள்ளே போக வேண்டும். மெக்கோம்பருக்கு மனமில்லை. புல்லைக் கொளுத்த முடியாதா, ஆள்களை அனுப்பி விரட்ட முடியாதா, அப்படியே விட்டுவிட்டுப் போகலாகாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றான். பணம் உடையவன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்தாம் இவை. செலவு செய்தால் தீராத இடையூறு ஒன்று உண்டு என்பதை அவன் அதுவரை அறியான். விட்டுவிட்டுப் போவது முறையாகாது என்கின்றார் வில்சன். அது துன்புற்றுக் கிடக்கும். அறியாமல் வரும் வேறெவரையேனும் தாக்கவும் கூடும். மெக்கோம்பர் வரத் தேவையில்லை, அதற்காகத்தானே தாம் கூலிக்கு அமர்த்தப்பட்டிருப்பது என்றும் கூறுகின்றார். துப்பாக்கி சுமப்போரின் நிலை என்ன என்று கேட்டால், அவர்களும் அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களே என்பது விடை. இந்த இடத்தில் ஆசிரியர் ஓர் அரிய செயல் செய்கின்றார். கதையைச் சிங்கத்தின் உள்ளத்திற்குள் கொண்டு சென்று, அதன் வலியையும் சினத்தையும் அதுவே உணர்வது போலச் சொல்கின்றார். அந்தப் புல்வெளியில் எவருடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளாத உயிர் அது ஒன்றுதான்.

மெக்கோம்பர் இணையரின் மணவாழ்வும் இவ்வாறே கணக்கிடப்படுகின்றது. மனைவி மார்கோ பேரழகி. தான் ஒருநாளும் பயன்படுத்தாத அழகுப் பொருள் ஒன்றிற்குத் தன் படத்துடன் பரிந்துரை வழங்கி 5,000 வெள்ளி பெற்றவள். அவளுடைய அழகு பெரிது, ஆதலின் அவன் அவளை விலக்க மாட்டான். அவனுடைய செல்வம் பெரிது, ஆதலின் அவள் அவனை நீங்க மாட்டாள். பதினோராண்டு இல்வாழ்க்கையின் அடித்தளம் அதுவே என்று ஆசிரியர் கூறும்பொழுது, வணிகக் கணக்கு எழுதுவோர் நடையே அங்குக் கேட்கின்றது.

இனி வில்சனுக்கு வருவோம். ஹெமிங்வேயை ஆராய்ந்த கார்லோஸ் பேக்கர் 1952இல் வெளியிட்ட நூலில் வில்சனை இக்கதையின் அளவுகோலாகக் கொண்டார். அஞ்சாமை உடையவர், சொற்சுருக்கம் உடையவர், விலங்கைத் துன்புற விடாதவர். ஆகவே மற்றவரை அவரைக் கொண்டே அளக்க வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வேரூன்றியது. பாட நூல்களிலும் இடம்பெற்றது. கதையில் உள்ள சான்றுகளோ அதற்கு முழுமையாக இடம் தருவனவாக இல்லை. தம்மை அமர்த்துவோர் எத்தகையவரோ, அவர்தம் ஒழுக்க அளவே அமர்த்தப்பட்டிருக்கும் வரை வில்சனின் ஒழுக்க அளவும் ஆகும் என்றும், சுடுதல் ஒன்றில் மட்டுமே அவர் தமக்கென நெறி வைத்திருந்தார் என்றும் ஆசிரியரே தெரிவிக்கின்றார். அவர் பயணந்தோறும் இருவர் படுக்கத்தக்க கட்டில் கொண்டு செல்வதன் காரணமும் மறைக்கப்படவில்லை. வாடிக்கையாளரின் மனைவியர் சிலர், வழிகாட்டியின் கூடாரத்தையும் கட்டணத்துள் அடங்கியதாகக் கருதும் கூட்டத்தினர். அன்றிரவு மார்கோ அங்குச் செல்கின்றாள். ஏவலர்கள் தவறு செய்தால் சட்டப்படி தண்டம் விதிக்க வேண்டியிருக்க, வில்சன் கசையால் அடிக்கின்றார். தண்டத்தினும் அடியையே அவர்கள் விரும்புவதாகவும் சொல்கின்றார். கூலியை இழக்க இயலாத ஏழைகளின் நிலையை விருப்பம் என்று பெயரிட்டு அழைக்கும் ஒருவரை அளவுகோல் எனக் கொள்ளலாமா?

எஞ்சிய ஒரே நெறியும் மறுநாள் தளர்கின்றது. காட்டெருமைகள் மூன்று வெட்டவெளியில் ஓடுகின்றன. வில்சன் மகிழுந்தில் அவற்றை விரட்டிச் சென்று அருகிறங்கிச் சுடச் செய்கின்றார். அக்காலத்தில் இது கற்பனைச் சிக்கலன்று. மகிழுந்து காட்டிற்குள் வந்த பிறகு குறைந்த நாள்களில் மிகுதியாகச் சுடுவது எளிதாயிற்று. இங்கிலாந்து இளவரசரை 1928இல் வேட்டைக்கு அழைத்துச் சென்ற டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் என்னும் வழிகாட்டியே, மகிழுந்தைக் கொண்டு சிங்கங்களைக் கொன்று குவிப்பதைக் கண்டித்து இலண்டன் நாளிதழில் எழுதினார். தொழிலில் உள்ளவர்களே அஞ்சும் அளவிற்கு அது வளர்ந்திருந்தது. வாடிக்கையாளர் தங்கும் நாள்கள் சில. கொம்புகளுடன் மனநிறைவாக ஊர் திரும்பினால்தான் நண்பர்களிடம் சொல்வார். நண்பர்கள் வந்தால்தான் வழிகாட்டிக்கு அடுத்த ஆண்டுப் பிழைப்பு. இந்தச் சுழலில் வில்சனும் இருக்கின்றார். மார்கோ அதனை உடனே பிடித்துக் கொள்கின்றாள். இது நைரோபியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கின்றாள். உரிமம் போய்விடும், தொழிலும் போய்விடும் என்று வில்சன் ஒப்புக்கொள்கின்றார்.

இவ்வுரையாடலை மறந்துவிட்டு முடிவைப் படிப்பவர்கள் முடிவைத் தவறவிடுகின்றனர். அன்றே மார்கோ சுட்ட குண்டு கணவன் தலையிற் பாய்கின்றது. எருமை அவனைக் குத்த நெருங்கியபொழுது அவள் எருமையைக் குறிவைத்தே சுட்டாள் என்று கதை சொல்கின்றது. அதனை அப்படியே ஏற்க வேண்டும் என வாரன் பெக் 1955இல் வாதிட்டார். கொலை என்று முடிவு கட்டுபவர் வில்சன். கொலை என்றால் எவருக்கு ஆதாயம்? சற்று முன்வரை அவருடைய உரிமம் அவள் கையில் இருந்தது. இப்பொழுது அவளுடைய உயிரே அவர் சொல்லில் இருக்கின்றது. அவர் அவளைச் சொல்லால் வதைத்து, அவள் கெஞ்சிய பின்னரே நிறுத்துகின்றார். மகிழுந்துச் செய்தி இனி நைரோபியை எட்டாது. நெறியுடையோன் நெறி தவறியவளை இடித்துரைக்கும் காட்சியாக இதனைக் கற்பிப்பதைக் காட்டிலும், இரு தரப்பாரின் மறைவுகளும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கப்படும் காட்சியாகக் கற்பிப்பதே கதைக்குப் பொருந்தும்.

மெக்கோம்பர் பெற்ற துணிவு பொய்யோ என்னும் ஐயம் இங்கு எழலாம். பொய்யன்று. அந்தத் துணிவு மட்டுமே இக்கதையில் எவரும் விற்காத, எவரும் வாங்காத பொருள். அதனால்தான் அது வந்ததும் மனைவி அஞ்சுகின்றாள். வில்சனும் முதன்முறையாக அவனை மதிக்கின்றார். எனினும் அது மகிழுந்தில் விரட்டிய வேட்டையின் நடுவே அவனுக்கு வாய்த்தது என்பதை ஆசிரியர் வேண்டுமென்றே அமைத்திருக்கின்றார்.

கதைக்குப் பிந்திய செய்திகளும் இங்கு எண்ணத் தக்கன. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. அவ்வாண்டே வழிகாட்டிகளின் சங்கமும் கலைந்தது. பிற நாடுகளில் தொழில் தொடர்ந்தது. நமீபியாவில் கருங் காண்டாமிருகம் ஒன்றைச் சுடும் உரிமம் 2014ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் 3,50,000 வெள்ளிக்கு ஏலம் போயிற்று. 2015இல் சிம்பாப்வேயில் ஆய்வாளர் கழுத்துப்பட்டை அணிவித்திருந்த சிசில் என்னும் சிங்கத்தை, வழிகாட்டியின் துணையுடன் ஓர் அமெரிக்கர் கொன்றபொழுது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் வேலியடைப்பிற்குள் வளர்த்த சிங்கங்களைச் சுடுவதற்கென்றே விற்கும் வழக்கமும் தோன்றியது. வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்க அதனினும் உறுதியான வழி இல்லை. மறு தரப்பும் உண்டு. நமீபியாவில் 1996 முதல் சிற்றூர் மக்கள் தம் பகுதி விலங்குகளுக்குத் தாமே பொறுப்பேற்று வேட்டைக் கட்டணத்தில் பங்கு பெறுகின்றனர். அதனால் விலங்குகள் காக்கப்படுகின்றன என்பர். இவ்வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும் பணம் விலங்கைக் காக்குமா என்பது காட்டு நிருவாகத்தின் கேள்வி. பணம் வேட்டையாடுபவனை என்ன செய்கின்றது என்பதே ஹெமிங்வேயின் கேள்வி. முதற்கேள்விக்கு விடை கிடைத்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும்.

வகுப்பறையில் இக்கதையை எடுக்கும் ஆசிரியர்கள் இறுதிப் பக்கத்தில் பலரும் விரைந்து கடந்துவிடும் சில வரிகளை மாணவர்க்குச் சுட்டலாம். பிணத்தின் அருகே நின்று வில்சன் கட்டளைகள் இடுகின்றார். துப்பாக்கி கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நேர்ந்த விதத்திற்குச் சான்று கூற அப்துல்லாவை அழைத்து வரட்டும். விசாரணைக்குப் படங்கள் எடுக்கப்படும் என்றும், துப்பாக்கி சுமப்போரும் வண்டியோட்டியும் சாட்சி சொல்வர் என்றும் மார்கோவிடம் கூறுகின்றார். சிங்க வேட்டைக்குப் பின் நடந்த ஊர்வலத்தில் சேராமல் ஒதுங்கி நின்றார்களே, அத்துப்பாக்கி சுமப்போர்தாம் இவர்கள். தாம் கண்டது என்ன என்று இப்பொழுதும் அவர்களை எவரும் கேட்கவில்லை.