தூரத்து நகரமும் இடையில் உள்ளவையும்

நீர்ப்பரப்பொன்றின் அக்கரையில் எழுந்து நிற்கும் பெருநகரத்தை இக்கரையில் நின்று படமெடுப்பது ஒளிப்படக் கலையில் மிகவும் வாலாயமான காரியம். நாட்காட்டிகளிலும் வங்கிச் சுவர்களிலும் விமான நிறுவனங்களின் விளம்பரங்களிலும் அவ்வாறான படங்களைக் காண்கிறோம். கட்டடங்களின் உச்சிகள் வானத்தோடு சந்திக்கும் அந்தக் கோட்டை வான்விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். இப்படங்களைப் பார்த்து 'அழகு' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆயினும் இவை விமர்சனத்துக்கு உரியன என்பதே எனது எண்ணம். ஏனெனில், தூரத்தில் நின்று பார்ப்பது ஒளிப்படக்காரரின் பிரச்சினை மாத்திரமன்று. பிறருடைய வாழ்வையும் அழிவையும் பற்றி எழுத முனையும் எல்லோருடைய பிரச்சினையும் அதுதான்.

முதலில், தூரம் ஒரு படத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் ஒரு கரையில் சிக்காகோ நகரம் இருக்கிறது. எதிர்க்கரையில் மிச்சிகன் மாநிலத்தின் மணற்குன்றுகள். இடையில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் நீர். சிக்காகோவின் மிக உயர்ந்த கட்டடமான வில்லிஸ் கோபுரம் 442 மீற்றர் உயரமுடையது. பூமியின் வளைவைக் கணக்கிட்டால், கரையோரத்தில் நிற்கும் ஒருவருக்கு அதன் உச்சி சுமார் 80 கிலோமீற்றருக்கு அப்பால் அடிவானத்தின் கீழே மறைந்துவிட வேண்டும். காற்றில் ஒளி வழக்கமாக வளையும் அளவைச் சேர்த்தாலும் மேலும் சில கிலோமீற்றர்களே கூடும். ஆனால் 2015 ஏப்ரலில் அந்த எதிர்க்கரையிலுள்ள கிராண்ட் மியர் பூங்காவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படத்தில் சிக்காகோவின் கட்டடங்கள் வரிசையாக நின்றன. குளிர்ந்த ஏரியின் மேல் குளிர்காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் படிந்திருக்கும்போது, ஒளி பூமியின் வளைவோடு சேர்ந்து வழமையிலும் கூடுதலாக வளைகிறது. பாலைவனத்துக் கானல் வானத்தைத் தரையில் காட்டும். இந்தக் கானலோ அடிவானத்தின் கீழே இருப்பதை மேலே தூக்கிக் காட்டும். அன்று தெரிந்ததும் இத்தகைய கானலே என்று விளக்கப்பட்டது. ஆயினும், பூமி தட்டையானது என்று வாதிடுவோர் அப்படத்தையே தமக்குச் சாட்சியாக்கிக்கொண்டனர். நகரம் படத்தில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டிய காற்று படத்தில் தெரியவில்லை. தப்பான வாசிப்பு அந்த இடத்திலேதான் நுழைந்தது.

நீண்ட தூர வில்லைகள் செய்வதும் இதைப் போன்றதே. முழுநிலவு ஒரு கோபுரத்தின் அளவுக்குப் பெருத்து அதன் தோளில் அமர்ந்திருக்கும் படங்களைப் பலரும் பார்த்திருப்பர். அதில் மோசடி எதுவும் இல்லை. நிலவு நமது கண்ணில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமே கொள்கிறது. 100 மீற்றர் உயரமான கட்டடமொன்று ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தொலைவிலிருந்து பார்க்கும்போது அதே அளவுக்குச் சிறுத்துவிடும். அத்தனை தூரம் பின்வாங்கிச் சென்று, இரண்டையும் வில்லையினால் பெருப்பித்தால் கட்டடமும் நிலவும் சம அளவாகத் தெரியும். படமெடுத்தவர் கடந்து வந்த 11 கிலோமீற்றரும் படத்தில் இல்லை. அந்த இல்லாமையே பார்ப்பவரின் வியப்புக்குக் காரணம்.

இதனை ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே விளக்கியவர் இப்னுல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து அங்கேயே மறைந்த அவர், 'கிதாபுல் மனாளிர்' என்ற தமது ஒளியியல் நூலில், ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கண் எவ்வாறு அறிகிறது என்று ஆராய்கிறார். நமக்கும் அப்பொருளுக்கும் இடையில் தொடர்ச்சியாகக் கிடக்கும் நிலத்தையும் பொருள்களையும் கொண்டே தூரத்தை அறிகிறோம் என்பது அவரது முடிவு. இடையிலுள்ள தரையை மறைத்துவிட்டால், ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரு சுவர்களும் ஒட்டியிருப்பவை போலத் தெரியும் என்பதை அவர் பரிசோதனை மூலம் காட்டுகிறார். மேகங்களையும் அவர் உதாரணமாகக் கொள்கிறார். வெட்டவெளியில் அவை மிகத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். மலைகளின் நடுவே, சிகரங்களுக்குக் கீழே அவை தவழும்போதுதான் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது விளங்கும்.

இடையில் உள்ளவை தெரியாவிட்டால் கண் ஊகிக்கத் தொடங்கிவிடும். இப்னுல் ஹைதம் கண்ணைப் பற்றிச் சொன்ன இதனை நான் கலைக்கும் ஒரு அளவுகோலாகக் கொள்கிறேன். தூரத்து நகரத்தைக் காட்டும் ஒரு படைப்பு, பார்ப்பவர் எங்கே நிற்கிறார், இடையில் என்ன இருக்கிறது என்பதையும் காட்டுகிறதா என்பதே எனது கேள்வி.

ஒளிப்படம் பிறப்பதற்கு முன்னரே இந்தக் கேள்விக்கு நல்ல விடையளித்த கலைஞர் ஒருவர் இருந்தார். பிராக் நகரில் 1607இல் பிறந்த வென்ஸெஸ்லாஸ் ஹொலர், லண்டனைத் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள தேவாலயக் கோபுரம் ஒன்றிலிருந்து பார்த்து வரைந்த நீண்ட காட்சி 1647இல் அன்ட்வேர்ப்பில் வெளிவந்தது. அக்கரையின் பெரிய தேவாலயத்தையும் கோபுரங்களையும் மாத்திரம் அவர் வரையவில்லை. தாம் நின்ற சதர்க் பகுதியின் கூரைகள், தோட்டங்கள், நாடக அரங்கு ஆகியனவும் முன்னால் விரிந்து கிடக்கின்றன. நதியில் படகுகள் நெருங்கிச் செல்கின்றன. தூரத்து நகரத்துக்குப் போகும் வழி முழுவதையும் கண் நடந்தே கடக்கலாம். இதிலும் ஒரு தவறு உண்டு. குளோப் நாடக அரங்கின் பெயரும் பக்கத்திலிருந்த கரடிச் சண்டை அரங்கின் பெயரும் இடம்மாறிப் பொறிக்கப்பட்டுவிட்டன. படம் அச்சேறியதோ கடலுக்கு அப்பால். ஆனால் இரு கட்டடங்களும் படத்திலேயே இருப்பதால், பின்வந்தோர் தவறைக் கண்டு திருத்த முடிந்தது. இடையில் உள்ளதைக் காட்டும் படைப்பு தன்னைத் திருத்துவதற்கான வழியையும் வைத்திருக்கிறது.

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. 13,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஹொலர் மீண்டும் தென்கரையில் நின்று, தீக்கு முன்னிருந்த நகரத்தையும் பின்னிருந்த நகரத்தையும் மேலும் கீழுமாக அமைத்து வெளியிட்டார். தீ ஆற்றைத் தாண்டி வரவில்லை. ஆகவே பார்த்தவர் நின்ற கரை மாறாமல் இருக்க, பார்க்கப்பட்ட கரை மட்டும் வெறுமையாகிறது. கண்ணீர் வரவழைக்கும் எந்த உத்தியும் அதில் இல்லை. 'நான் தப்பிய கரையில் நிற்கிறேன்' என்பதை அது மறைக்கவுமில்லை. எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது.

இனி, நமது காலத்தில் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்கு வருகிறேன். மக்னம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் தோமஸ் ஹொப்கர் (1936-2024), 2001 செப்டம்பர் 11 அன்று நியூயோர்க்கில் இருந்தார். தாக்குதல் நடந்த மன்ஹட்டனின் தென்முனையை அடைய முடியாமல் ஆற்றைக் கடந்து குயீன்ஸ், புரூக்ளின் பக்கமாக வாகனத்தில் சென்றார். புரூக்ளினின் ஆற்றங்கரை ஒன்றில் நின்று அவர் எடுத்த படத்தில், நல்ல வெயிலில் ஐந்து இளவயதினர் தண்ணீர்க் கரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒரு துவிச்சக்கரவண்டி நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் நதி. நதிக்கு அப்பால், வான்விளிம்பிலிருந்து பெரும் புகை எழுந்து நீலவானத்தில் சாய்கிறது.

இப்படம் தவறான உணர்வுகளைக் கிளறிவிடும் என்று அஞ்சி, அவ்வருடமே மக்னம் வெளியிட்ட நூலில் ஹொப்கர் அதனைச் சேர்க்கவில்லை. 2006இல் டேவிட் ஃபிரெண்ட் எழுதிய நூலின் வழியாக அது பரவலாகத் தெரியவந்தது. நியூயோர்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் ஃபிராங்க் ரிச், எந்த அழிவிலிருந்தும் விரைந்து நகர்ந்துவிடும் அமெரிக்க இயல்பின் அடையாளமாக இப்படத்தை வாசித்தார். சில நாட்களுக்குள் ஸ்லேட் இணைய இதழில் அதற்கு மறுப்பு வந்தது. எழுதியவர் படத்தில் இருந்த ஐவருள் ஒருவர். தாங்கள் அதிர்ச்சியில் இருந்ததாகவும், அந்த அழிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகவும், படமெடுத்தவர் ஐம்பதடி தூரம் நடந்து வந்து கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும் என்றும் அவர் கூறியிருந்தார்.

இந்த ஐம்பதடிதான் என்னை நிறுத்திவைக்கிறது. நதியின் அகலத்தைப் பற்றி எல்லோரும் பேசினர். அந்த அகலத்தை ஹொப்கரால் கடக்க முடியவில்லை. அன்று அது அவரது கையில் இல்லை. ஐம்பதடியைக் கடந்திருக்கலாம். அதைக் கடக்காமலே ஐந்து பேரின் உள்ளம் தீர்ப்பிடப்பட்டது. முதலில் கமெராவுக்குப் பின்னால் நின்றவர் ஊகித்தார்; பின்னர் மேசையில் அமர்ந்திருந்த பத்தி எழுத்தாளர் ஊகித்தார். உட்கார்ந்திருக்கும் தோரணையை வைத்து ஒருவரது துக்கத்தை அளப்பது, இடையிலுள்ள தரையை மறைத்துவிட்டுச் சுவர்களின் தூரத்தை அளப்பதற்குச் சமம்.

இவ்வாறு கூறுவதனால் படத்தை நான் தாழ்த்துவதாக எண்ணக்கூடாது. அந்நாளில் எடுக்கப்பட்ட தூரத்துப் படங்கள் பலவற்றில் வானும் கோபுரமும் புகையும் மட்டுமே உள்ளன. ஹொப்கரின் படத்தில் இக்கரையும் உள்ளது. அழிவைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வெயில் இருக்கிறது, வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது என்ற சங்கடமான உண்மையை அது உள்ளே எடுத்துக்கொண்டது. அதனால்தான் அதன் மீது வழக்குரைக்கவும் மறுப்புச் சொல்லவும் முடிந்தது. குறை, அதனை வாசித்தவர்களின் அவசரத்தில் இருக்கிறது.

ஒன்றரை வருடங்களின் பின், வேறொரு நதிக்கரையில் இன்னொரு வான்விளிம்பை உலகம் பார்த்தது. 2003 மார்ச் 21, வெள்ளிக்கிழமை இரவு. தைகிரிஸ் நதியின் மேற்குக் கரையில் பக்தாதின் அரச மாளிகைகள் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. கிழக்குக் கரையிலிருந்த கமெராக்கள் அதனை நேரடியாகக் காட்டின. நமது நாட்டில் அப்போது நள்ளிரவை அண்டிய நேரம். தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்திருந்தவர்களுள் நானும் ஒருவன். செம்மஞ்சள் வெளிச்சம் எழும், கட்டடங்களின் கரிய உருவம் ஒரு கணம் தெளிவாகத் தெரியும், பின்னர் புகை. ஐம்பது இலட்சமளவு மக்கள் வாழ்ந்த நகரத்தில் ஒரு மனிதமுகமும் எனக்குத் தெரியவில்லை. 'அதிர்ச்சியும் பிரமிப்பும்' என்று அத்தாக்குதலுக்குப் பெயரிட்டவர்கள் எதை விரும்பினார்களோ, அந்தக் காட்சி அதையே கொடுத்தது.

அந்தக் கமெராக்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் பாதுகாப்பான கரையில் நிற்கவில்லை என்பது ஏப்ரல் 8ஆம் திகதி தெரியவந்தது. பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த பலஸ்தீன் ஹோட்டலை, அல்ஜும்ஹூரிய்யா பாலத்தில் நின்ற அமெரிக்கத் தாங்கி ஒன்று சுட்டது. ரொய்ட்டரின் தாராஸ் புரொட்சியுக்கும் ஸ்பானியத் தொலைக்காட்சியின் ஹோசே கூசோவும் கொல்லப்பட்டனர். இருவரும் கமெராக் கலைஞர்கள். அங்கே எதிரியின் கண்காணிப்பாளர் ஒருவர் நின்றதாகத் தமது வீரர்கள் நம்பினர் என்பது அமெரிக்கத் தரப்பின் விளக்கம். வேண்டுமென்று செய்யப்பட்டதல்ல, ஆயினும் தவிர்த்திருக்கக்கூடியது என்பது பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் விசாரணை முடிவு. மாடத்தில் நின்றவர்கள் வில்லை வழியே தூரத்தைப் பார்த்தனர். தாங்கியில் இருந்தவர்களும் வில்லை வழியே தூரத்தைப் பார்த்தனர். அந்த ஹோட்டலில் யார் தங்கியிருந்தார்கள் என்ற அறிவு தளபதிகளிடம் இருந்தது; சுட்டவர்களிடம் போய்ச் சேரவில்லை. தூரத்திலிருந்து ஊகிப்பது சில வேளைகளில் கலைக்குற்றத்துடன் நின்றுவிடுவதில்லை.

அந்த மாதங்களில் பக்தாதைப் பற்றி நமது சஞ்சிகைகளில் கவிதைகள் நிறையவே வந்தன. எழுதியோரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. எனவே பெயர் குறிப்பிட்டுப் பேச வேண்டிய தேவையுமில்லை. ஆயினும், அவற்றுட் பல தொலைக்காட்சியின் பக்தாதையே நமக்குத் திருப்பித் தந்தன. எரியும் வானம், மினாராவின் நிழல், புகை, தைகிரிஸில் ஓடும் குருதி. எழுதியவர் அந்த நகரத்தின் தெருவில் நிற்பது போன்ற தொனி. அவருக்கும் பக்தாதுக்கும் இடையில் இருந்த கடலும், கண்ணாடித் திரையும், அந்நியமொழிச் செய்தி வாசிப்பும், பாதியில் வந்து போன விளம்பரமும் கவிதையில் இல்லை. இடையில் உள்ளவை நீக்கப்பட்டதால் துயரம் நெருங்கி வரும் என்று கவிஞர் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. துயரம் நிலவைப் போலப் பெருத்துத் தெரிந்தது. அதற்கும் நமக்கும் உள்ள தூரம் தெரியாமற் போயிற்று.

அப்படியானால் அருகில் இருந்தவர்கள் மாத்திரமே எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பர். அது எனது வாதமன்று. அவ்வாறு விதித்தால் இலக்கியத்தில் அரைவாசி இல்லாமற் போய்விடும். தூரத்தில் இருப்போரின் மௌனம் அழிப்பவர்களுக்கே வசதியாகும். தூரத்திலிருந்து எழுதட்டும். ஆனால் தாம் நிற்கும் கரையையும் எழுத்தில் வைக்கட்டும். திரைக்கு முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது என்று ஒரு கவிஞர் எழுதுவாரானால், அவர் பக்தாதை அவமதித்தவராகமாட்டார். வாசகர் அந்தத் தேநீரிலிருந்து தொடங்கி நதி வரை நடந்து செல்ல வழி செய்தவராவார்.

விமர்சகர்களுக்கும் இது பொருந்தும். தூரத்தில் தெரியும் ஐந்து பேரைப் பார்த்து இரக்கமற்றவர்கள் என்று முடிவு கட்டுமுன், ஐம்பதடி நடந்து போய்க் கேட்கலாம்.