பழகிய படம் சீக்கிரம் ஓடிவிடுமா?

"பழகினது சட்டுனு ஓடிடும், புதுசு மெதுவா நகரும்." காலவுணர்வு பற்றிய ஜனரஞ்சக அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வரியில்தான் போய் நிற்கின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பார்வை தொடர்பான சோதனைகளை ஊன்றிப் படித்தால் இந்த வரி தாங்காது என்பதே என் வாதம்.

முதலில் அதற்குச் சாதகமான சான்று. ஒரே படத்தைச் சம இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்டினால், முதலில் வந்தது மட்டும் அதிக நேரம் நின்ற மாதிரி தோன்றும். சரி, பழக்கம் நேரத்தைச் சுருக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பரியாதத்தும் ஈகிள்மனும் 2007-ல் 1, 2, 3, 4, 5 என்று எண்களை வரிசையாகக் காட்டியபோதும் முதல் எண்தான் நீண்டு தெரிந்தது. வரிசையைக் கலைத்ததும் அந்த விளைவு போய்விட்டது. இங்கே எந்த எண்ணும் இரண்டு தடவை வரவில்லை. ஐந்துமே நமக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம். அப்படின்னா வேலை செய்வது பழக்கம் அல்ல, அடுத்து வருவதை ஊகிக்க முடிவதுதான்.

இப்போ எதிர்ச்சான்று. 1985-ல் விதர்ஸ்பூனும் ஆலனும் சொற்களைச் சில பத்து மில்லிசெகண்ட் மட்டும் திரையில் காட்டினார்கள். சற்றுமுன் படித்த சொற்கள்தான் அதிக நேரம் நின்றதாகப் பலருக்குத் தோன்றின. சுலபமாகப் படிக்க முடிந்ததை, 'ரொம்ப நேரம் இருந்திருக்கும்' என்று மனம் கணக்குப் போடுகிறது. அதே பழக்கம், நேர்மாறான விளைவு!

மூன்றாவது, நினைவு. 2007-ல் ஸ்டெட்சன் குழு ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்தது. தாங்கள் விழுந்த நேரத்தை, மற்றவர்கள் விழுந்ததைவிடச் சுமார் 36% நீளமாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டில் வேகமாக மின்னிய எண்களை மட்டும் கூடுதலாகப் படிக்க முடியவில்லை. கண் எதையும் மெதுவாகப் பார்க்கவில்லை. நீண்டது பின்னால் வந்த நினைவு.

ஆக, மூன்று வெவ்வேறு அளவீடுகளை ஒரே வேரியபிளில் போட்டு வைத்திருக்கிறோம். வயசாக ஆக வருஷங்கள் வேகமாக ஓடுவதை வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். அது நினைவின் கணக்கு. மில்லிசெகண்ட் சோதனையைக் காட்டி 'புது ஊர் பாருங்க, ஆயுசு நீளும்' என்று சொல்வது தாவல்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நேர அளவு? பார்க்கும்போதே கேட்டார்களா, பிற்பாடா? பழகியதா, எதிர்பார்த்ததா?