கைப்பிடியைக் கழற்றினால் போதுமா?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று டி.வி.யில் கீழே எழுத்து ஓட ஆரம்பித்தால், நம் ஊர் அபார்ட்மென்ட்களில் சில வீடுகளில் உடனே போனை எடுப்பார்கள். ‘பையன் இருக்கற ஊரா? அங்கேர்ந்து எவ்வளவு தூரம்?’ ரொம்பத் தூரம் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு. ‘என்ன தேசம்யா அது, கத்திரிக்கா விக்கற மாதிரி துப்பாக்கி விக்கறான்’ என்று ஒரு தீர்ப்பு. அத்தோடு சேனல் மாறிவிடும்.

டி.வி.க்கு வருவதெல்லாம் பள்ளிக்கூடம், சர்ச், மால் என்று கும்பலாகச் சுட்டுத் தள்ளுகிற கேஸ்கள். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் கும்பலாகச் சுடப்பட்டவர்கள் ஒரு சின்னத் துணுக்குதான். பாதிக்கு மேல் தற்கொலை. அதில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள். கொலைகளை எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழ். ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் 14 பேராக இருக்கும் கறுப்பர்கள், சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பாதிக்கு மேல். இவர்கள் தினமும் ஒருவர் இருவராகச் சாவதால் கேமரா போவதில்லை.

அங்கே கேமராவோடு போய், ஒரு வருஷம் தங்கி எடுத்த படம் ‘தி இன்டரப்டர்ஸ்’. 2011-ல் வந்த டாக்குமென்டரி. சண்டை நடக்கும்போது குறுக்கே விழுந்து தடுப்பவர்கள் என்று அர்த்தம் சொல்லலாம். இயக்கியவர் ஸ்டீவ் ஜேம்ஸ். 2008-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் அலெக்ஸ் கோட்லோவிட்ஸ் எழுதிய கட்டுரைதான் படத்துக்கு விதை. இடம் சிகாகோ.

கதை ஒரு டாக்டரிடமிருந்து ஆரம்பிக்கிறது. கேரி ஸ்லட்கின், தொற்றுநோய் நிபுணர். சான்பிரான்சிஸ்கோவில் காசநோய், சோமாலியா அகதி முகாம்களில் காலரா, உலக சுகாதார நிறுவனத்தில் எய்ட்ஸ் என்று அலைந்துவிட்டு ஊர் திரும்பியவர், சிகாகோவின் கொலை வரைபடத்தைப் பார்க்கிறார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. அட, காலரா வரைபடமும் இப்படித்தானே இருக்கும்! ஒரு இடத்தில் கொத்தாகக் கிளம்பி, ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தாவி... 2000-ல் ‘சீஸ்ஃபயர்’ என்ற அமைப்பின் வேலையை வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் ஆரம்பிக்கிறார். நோயைத் தடுக்க என்ன செய்வோமோ அதையே கொலைக்கும் செய்வோம். அடுத்து யாருக்குத் தொற்றும் என்று பார்த்து அங்கே போய் நிற்போம். இதுதான் யோசனை. 2004-ல் டியோ ஹார்டிமன் என்பவர் இந்த ‘குறுக்கே விழுகிறவர்களை’ச் சேர்த்தார்.

யார் போய் நிற்பது? போலீஸ் போனால் கதவு திறக்காது. டாக்டர் போனால் அடி விழும். அதனால் ஒரு காலத்தில் இதே தெருக்களில் சுட்டவர்கள், ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள்தான் இந்த வேலைக்கு ஆள். சிகாகோவின் பேர்போன கேங் தலைவர் ஜெஃப் ஃபோர்ட்டின் மகள் அமீனா மேத்யூஸ். 17 வயதில் கொலை செய்துவிட்டு 14 வருஷம் உள்ளே இருந்த எடி போகனேக்ரா. சிரித்துக்கொண்டே வேலையை முடிக்கும் கோப் வில்லியம்ஸ்.

மறக்க முடியாத காட்சி ஒன்று. போலீஸ் வீட்டுக்குள் புகுந்து அம்மாவுக்கு விலங்கு மாட்டிய ஆத்திரத்தில் ஒருத்தன் கொதித்துக்கொண்டு நிற்கிறான். யாரையாவது தீர்த்துவிட வேண்டும். கோப் புத்திமதி சொல்வதில்லை. ‘சட்டம், பாவம், புண்ணியம்’ எதுவும் இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வா, முதலில் சாப்பிடலாம் என்கிறார். அவ்வளவுதான் வைத்தியம்! ஆத்திரம் என்பது ஜுரம் மாதிரி, இறங்க நேரம் கொடுத்தால் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் அதே ஆள் ரயில் நிலையத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான்.

இன்னொன்று. ஒரு முடிவெட்டும் கடையில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்த பையன், ஜெயிலிலிருந்து வந்ததும் அதே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். அன்றைக்குக் குழந்தைகளோடு அங்கே மாட்டிக்கொண்ட பெண் உடனே மன்னித்துவிடுவதில்லை. அவன் என்ன செய்தான் என்பதை முழுசாகச் சொல்லி, அவனை நின்று கேட்க வைக்கிறார். நம் சினிமாவாக இருந்தால் வயலின் கதறியிருக்கும். ஸ்டீவ் ஜேம்ஸ் பேசாமல் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தப் படத்தின் பெரிய சாதனை, பார்க்கிறவனின் வாயில் தயாராக இருக்கும் தீர்ப்பைப் பிடுங்கிவிடுவது. காலரா வந்தவனைப் பார்த்து ‘உன் வளர்ப்பு சரியில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எந்தத் தண்ணியக் குடிச்சே?’ என்றுதான் கேட்போம்.

என் மனக்குறையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று படம் கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை.

1854-ல் லண்டனில் காலரா. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வரைபடம் போட்டுப் பார்த்து, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்புதான் காரணம் என்று சொல்லி அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பொது சுகாதாரம் படிக்கிற எல்லோருக்கும் இதுதான் பால பாடம். ஆனால் லண்டனில் காலராவை ஒழித்தது கைப்பிடி இல்லை. பின்னால் ஜோசப் பேசல்கெட் என்ற இன்ஜினீயர் ஊர் முழுக்கக் கட்டிய பாதாளச் சாக்கடை. கடைசிக் கொள்ளை நோய் 1866-ல் வந்தது. எங்கே? புதுச் சாக்கடை இன்னும் வந்து சேராத ஏழைப் பகுதியான கிழக்கு லண்டனில்!

கோப்பும் அமீனாவும் கைப்பிடியைக் கழற்றுகிறார்கள், உயிரைப் பணயம் வைத்து. அவர்களில் ஒருவர் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதும் படத்தில் உண்டு. சாக்கடை கட்ட வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

முதலில் துப்பாக்கி. படம் எடுக்க ஆரம்பித்தபோது சிகாகோவில் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. 1982-லிருந்து இருந்த அந்தத் தடையை 2010-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சாய்த்தது. தடை இருந்த ஊரில் அத்தனை துப்பாக்கி எப்படி? சிகாகோ மாநகராட்சியே 2017-ல் கணக்குக் கொடுத்தது: குற்றங்களில் பிடிபட்டு, மூலம் கண்டுபிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் நூற்றுக்கு 60 வெளி மாநிலத்துச் சரக்கு. அதிகம் வந்தது பக்கத்து இண்டியானாவிலிருந்து. கிருமி, வண்டி ஏறி வருகிறது. படம் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

அடுத்து, அந்தத் தெருக்கள். 1930-களில் வீட்டுக்கடன் கொடுக்க வரைபடம் போட்டபோது, கறுப்பர்கள் இருந்த பகுதிகளுக்குச் சிவப்பு மை. கடன் கிடையாது. பிறகு ஃபாக்டரிகள் போயின. படம் வந்து இரண்டு வருஷத்தில், 2013-ல், சிகாகோவில் சுமார் 50 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பெரும்பாலும் கறுப்பர் குழந்தைகள் படித்தவை. ஆத்திரத்தில் இருப்பவனைக் கோப் சாப்பிட அழைத்துப்போகலாம். சாப்பிட்டு முடித்து அவன் திரும்பிப் போகிற தெரு இதுதானே?

‘ஒரு படத்துல எல்லாத்தையும் சொல்ல முடியுமா சார்?’ நியாயமான கேள்வி. தெருவை விட்டு வெளியே போயிருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது என்பதும் வாஸ்தவம். ஆனால் நோய் என்று பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கடமை உண்டு. நோயாளியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால், ‘பாவம், அவங்களுக்கு அப்படி ஒரு வியாதி’ என்று பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான்.

இந்த வைத்தியமாவது பலிக்கிறதா? 2008-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெஸ்லி ஸ்கோகன் குழு ஆராய்ந்தது. ஏழு இடங்களில் நான்கில், இந்த வேலையால் மட்டுமே துப்பாக்கிச் சூடு 16 முதல் 28 சதவிகிதம் குறைந்ததாகச் சொன்னது. மற்ற ஊர்களில் பலன் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. சர்வரோக நிவாரணி இல்லை, ஆனால் மருந்துதான். 2015-ல் பட்ஜெட் தகராறில் இல்லினாய் மாநிலம் பணத்தை நிறுத்தியது. 2016-ல் சிகாகோவில் கொலைகள் 750-ஐத் தாண்டின. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எந்த ஊராவது காலரா சீசனில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நிறுத்துமா?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பேரேட்டில் ஏறாத நஷ்டம் யாருக்கும் நஷ்டமில்லை. 1996-ல் அமெரிக்க காங்கிரஸ், நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் பட்ஜெட்டில் 26 லட்சம் டாலரை வெட்டியது. முந்தைய வருஷம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவான அதே தொகை! துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க அந்த மையத்தின் பணம் போகக் கூடாது என்று நிபந்தனை வேறு. அதைக் கொண்டுவந்த ஜே டிக்கியே பிற்காலத்தில் வருந்தி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012-ல் எழுதினார். இதற்கென்று மறுபடியும் பணம் ஒதுக்கியது 2019 கடைசியில். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கெழுத ஆளில்லை.

2024 ஜூனில் அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி (கர்நாடக வம்சாவளி) துப்பாக்கி வன்முறையைப் பொது சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். 2025-ல் அந்த அறிக்கை அரசு இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பேரேட்டில் மறுபடியும் ஒரு பக்கம் கிழிந்தது.

படத்தைப் பாருங்கள். குறை சொன்னதற்காகத் தள்ளிவிடாதீர்கள். அமீனா கத்திச் சண்டைக்கு நடுவில் போய் நிற்கும் தெரு, எங்கிள்வுட். 2019-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள்: அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 60 வருஷம். அதே சிகாகோவில், ஏரிக்கரையில் பணக்காரர்கள் இருக்கும் ஸ்ட்ரீட்டர்வில்லில் 90.

‘அங்கேர்ந்து எவ்வளவு தூரம்?’ என்று அடுத்த முறை போனில் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே காரில் போனால் அரைமணி. வாழ்ந்து பார்த்தால் முப்பது வருஷம்.